"சண்டை எப்பண்ணே வரும்?": ஆக்‌ஷன் ஹீரோக்களின் காதல் காமெடி பற்றிக் கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி தியேட்டர்களில் விநியோகஸ்தர்களின் ரெப்பாக, அதாவது டிக்கெட் கணக்கைச் சரிபார்க்கும் அவர்களுடைய ஆளாக, பல வருடம் கவுண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அடிதடி நாயகர்கள் காதல் காமெடிக்கு வருவது பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

பண்ருட்டியிலிருந்து: அண்ணே, வரிசையா அடிதடியில ஹிட் கொடுத்த ஹீரோ ஜாலியா ஒரு காதல் படம் பண்ணினா ஏன் படுத்துடுது? அந்த மூஞ்சிக்கு ரொமான்ஸ் வரலையா?

மூஞ்சியில் ஒரு குறையும் இல்லை தம்பி. நான் பார்த்தவரை விலைதான் காரணம்.

தியேட்டர்காரர் ஒரு படத்தை எம்.ஜி., அதாவது மினிமம் கேரண்டியில் எடுத்தால், வசூல் வந்தாலும் வராவிட்டாலும் பேசிய தொகையைக் கொடுத்தாக வேண்டும். கமிஷன் முறை என்றால் வசூலில் தன் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டினால் போதும். ஹீரோவின் போன படம் வெட்டுக்குத்து, பெரிய ஹிட் என்று வையுங்கள். அடுத்து வருவது மென்மையான காதல் கதையாக இருந்தாலும் அதே எம்.ஜி.யைத்தான் கேட்பார்கள். அடிதடிப் படம் அந்தப் பணத்தை முதல் மூன்று நாளில் எடுக்கப் பார்க்கும். காதல் காமெடிக்கு அந்த வேகம் கிடையாது. பார்த்தவர் வீட்டில் போய்ச் சொல்லி, வீட்டில் இருப்பவர்கள் கிளம்பி வர ஒரு வாரமாவது ஆகும்.

கடலூரில் ஒரு தியேட்டரில் இது என் கண்முன்னால் நடந்தது. வெள்ளியும் சனியும் ரசிகர் கூட்டம். இடைவேளையில் கேன்டீன் பக்கம் நின்ற என்னைப் பிடித்து, "சண்டை எப்பண்ணே வரும்?" என்று கேட்டார்கள். ஞாயிறு இரவுக் காட்சியில் பாதி சீட் காலி. திங்கள் மேட்னிக்கு, முதுநகர் துறைமுகத்தில் காலை மீன் வியாபாரத்தை முடித்த பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள். செவ்வாய்க்கிழமை அவர்கள் தெருவே வந்தது. புதன் மேட்னி முடிந்து டிக்கெட் நம்பரைச் சரிபார்த்து டி.சி.ஆர்., அதாவது அன்றன்றைய வசூல் கணக்குத் தாள் எழுதினால், திங்களைவிட இரண்டு மடங்கு! ஆனால் வியாழனோடு படத்தைத் தூக்கிவிட்டார்கள். வெள்ளிக்கு வேறு படம் முன்பே பேசியாகிவிட்டது. அந்த டி.சி.ஆர். தாளை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. ஓட வேண்டிய படம் அது.

அதனால் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். முதல் மூன்று நாள் கூட்டத்தை வைத்து இந்த மாதிரிப் படத்துக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: அது எந்தப் படம்? வசூல் எவ்வளவு?

இரண்டையும் சொல்ல மாட்டேன். அது தொழில் கணக்கு.

லாஸ்பேட்டை கல்லூரி மாணவி: ஐயா, தமிழில் இதைச் சரியாகச் செய்த ஆக்‌ஷன் ஹீரோ யார்?

எம்.ஜி.ஆர்.தான்மா. 1965இல் 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் சாட்டை எடுத்தார், 'ஆயிரத்தில் ஒருவ'னில் வாள் எடுத்தார். அடுத்து 1966 பொங்கலுக்கு 'அன்பே வா'. ஏவி.எம். அவரை வைத்து எடுத்த ஒரே படம் அது, இயக்கம் ஏ.சி. திருலோகசந்தர். பெரிய தொழிலதிபர் ஓய்வெடுக்க சிம்லாவில் இருக்கும் தன் பங்களாவுக்குப் போகிறார். பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் நாகேஷோ அதை சரோஜாதேவி குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். நான்தான் முதலாளி என்று சொல்லாமல் இவரும் அங்கேயே தங்குகிறார். ஊரைக் காப்பாற்றும் வேலையே இல்லை. கிண்டல், கோபம், ஊடல், அவ்வளவுதான் கதை.

அப்புறம் ரஜினி. 1980இல் 'பில்லா'வும் 'முரட்டுக்காளை'யும் வந்தன. 1981இல் 'தில்லு முல்லு'வில் கே. பாலசந்தர் மீசை இல்லாத ரஜினியைக் காட்டினார். முதலாளி தேங்காய் சீனிவாசனிடம் ஒரு பொய்யைச் சொல்லி, அதைக் காப்பாற்ற இன்னொரு பொய், அதற்கு இன்னொன்று என்று ரஜினி திண்டாடுகிறார். நான்கு பேரை அடித்த கை அங்கே கட்டிக்கொண்டு நிற்கிறது. மாட்டிக்கொண்டு முழிக்க ஹீரோ சம்மதித்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. தான் முழிக்காமல் பக்கத்தில் நிற்கும் நகைச்சுவை நடிகரை மட்டும் முழிக்கவிட்டால் படம் நிற்காது.

முதலியார்பேட்டையிலிருந்து: 'அன்பே வா' காதல் காமெடியா? சிட்டிங் புல் என்ற மல்யுத்த வீரரோடு எம்.ஜி.ஆர். மோதும் சண்டை இருக்கிறதே! கூட்டம் வந்ததே அதற்குத்தான்.

சண்டை இருக்கிறது, மறுக்கவில்லை. அதை வெட்டிவிட்டு ஓட்டினாலும் கதை ஓடும். சரோஜாதேவியை எடுத்துவிட்டால் ஓடுமா?

மஞ்சக்குப்பத்திலிருந்து: முதலியார்பேட்டைக்காரர் சொல்வதே சரி. எங்க அப்பா நாலு தடவை பார்த்தது அந்தச் சண்டைக்காகத்தான்.

அப்பா சொல்வதை நம்புகிறேன். ஆனால் அந்தச் சண்டை வரும் நேரம் எவ்வளவு? மற்ற இரண்டரை மணி நேரம் அவரை உட்கார வைத்தது எது? நான்கு தடவையும் எழுந்து போகாமல் பார்த்திருக்கிறாரே!

முதலியார்பேட்டை, மறுபடியும்: சண்டையே இல்லாவிட்டால் அவர் முதல் தடவையே போயிருக்க மாட்டார். நீங்கள் பெண்கள் கூட்டத்தை மட்டும் பார்க்கிறீர்கள். டிக்கெட் கிழிக்க ஆரம்பித்து வைப்பவன் ரசிகன்.

இதில் நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். முதல் காட்சிக்கு வருகிறவனை வெறும் கையோடு அனுப்பக் கூடாது. சண்டை இருக்கட்டும், இலையில் ஊறுகாய் அளவுக்கு. அதுவும் கதையோடு ஒட்டி வர வேண்டும். ஜாக்கி சான் 1999இல் ஹாங்காங்கில் 'கார்ஜியஸ்' என்று ஒரு காதல் படம் பண்ணினார், ஜோடி ஷு சீ. சண்டை உண்டு. ஆனால் மோதுகிற இருவருக்கும் தீராப் பகை கிடையாது. கையுறை மாட்டிக்கொண்டு விளையாட்டுப் போட்டி மாதிரி மோதுகிறார்கள். படத்தின் லேசான மனநிலை கெடவில்லை. காதலியைக் கடத்தி, குடோனில் கட்டிப்போட்டு, கடைசி இருபது நிமிடம் ரத்தம் காட்டினால் அதுவரை சிரித்த குடும்பம் கையைப் பிசைந்துகொண்டுதான் வெளியே வரும்.

மஞ்சக்குப்பம், மறுபடியும்: அப்படியென்றால் டிரெய்லரில் அந்தச் சண்டையைப் போட்டுக் கூட்டத்தை இழுக்கலாமே?

கூடவே கூடாது. அதை நம்பி வருகிறவன் ஏமாந்துபோய் வெளியே நின்று திட்டுவான். அவன் திட்டுவதைக் கேட்டு வரவேண்டிய குடும்பமும் வராது. போஸ்டரில் சிரிப்பு இருந்தால் உள்ளேயும் சிரிப்பு இருக்க வேண்டும்.

திருப்பாப்புலியூரிலிருந்து: வசூல் கணக்கு கொஞ்சம் சொல்லுங்க சார்.

மேலே சொல்லிவிட்டேன்.

வில்லியனூரிலிருந்து: நம்ம ஊர்லயே எடுத்த 'நானும் ரௌடிதான்' இதில் சேருமா?

சேராது. 2015இல் புதுச்சேரித் தெருக்களை அவ்வளவு அழகாகக் காட்டிய படம், எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் அன்றைக்கு விஜய் சேதுபதி அடிதடி ஹீரோ இல்லை. நகைச்சுவை அவருக்கு முன்பே பழகிய வீடு.

நெய்வேலியிலிருந்து: விஜய்?

எதிர்த்திசையில் வந்தவர். 1997இல் 'காதலுக்கு மரியாதை', 2000இல் 'குஷி', அப்புறம்தான் 2003இல் 'திருமலை', 2004இல் 'கில்லி'. காதலிலிருந்து அடிதடிக்கு வருபவரோடு வீட்டுப் பெண்களும் கூடவே வருவார்கள். அடிதடியிலிருந்து காதலுக்குப் போகிறவர் அவர்களைப் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும்.

விருத்தாசலத்திலிருந்து: ஹாலிவுட்டில் எப்படி?

அர்னால்டைப் பாருங்கள். 1988இல் 'ட்வின்ஸ்' என்ற காமெடியில் நடிக்கும்போது அவரும் டேனி டிவிட்டோவும் இயக்குநர் ஐவன் ரைட்மேனும் முன்சம்பளம் வாங்காமல் லாபத்தில் பங்கு பேசிக்கொண்டார்கள். செலவு குறைந்தது, படம் உலகம் முழுவதும் 20 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அவருக்கும் நல்ல பங்கு கிடைத்தது. நம் ஹீரோக்கள் ஒரு காதல் படத்துக்காவது இப்படிப் பேசிப் பார்க்கலாம். தியேட்டர்காரர் தலையில் பாரம் விழாது, படத்துக்கு இரண்டாவது வாரம் கிடைக்கும்.

அரியாங்குப்பத்திலிருந்து: ஓ.டி.டி.யில் விட்டால் லாபமா?

தியேட்டர்தான் எனக்குத் தெரிந்த தொழில். ஓ.டி.டி. வியாபாரம் பண்ணுகிறவர்களைக் கேளுங்கள்.

சிதம்பரத்திலிருந்து: முதல் நாள் கூட்டமே இல்லைன்னா படம் ஃபிளாப்தானே?

பண்ருட்டித் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள். முதல் மூன்று நாளை வைத்துத் தீர்ப்பு வேண்டாம்.

முத்தியால்பேட்டையிலிருந்து: அண்ணே, அம்மாவுக்குச் சண்டைப் படம்னாலே தலைவலி. இந்த மாதிரிப் படம் வந்தா எப்ப கூட்டிட்டுப் போகலாம்?

திங்கள் மேட்னிக்குக் கூட்டிப் போ தம்பி. ரசிகர் கூட்டம் வடிந்திருக்கும், வசனம் நன்றாகக் காதில் விழும். அம்மாவுக்குப் பிடித்திருந்தால் அன்றைக்கே பக்கத்து வீட்டில் சொல்லச் சொல். வியாழனுக்குள் அவர்களும் வந்தாக வேண்டும்.