எதுவரைக்கும் என்று கேட்கலாமா?

கேள்வி: கணவருக்கு வேலை போய்விட்டது. ஜெபிக்க உட்கார்ந்தால் "ஆண்டவரே, ஏன் கைவிட்டீர்?" என்றுதான் வாயில் வருகிறது. இப்படிக் கேட்பது பாவமா?
- வாசகி, நாசரேத்

பதில்: பாவமில்லை, சகோதரி. வேதாகமத்தில் சங்கீதப் புத்தகத்திலுள்ள 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள். முதல் இரண்டு வசனங்களில் நாலு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறான் தாவீது. மூன்றாவதில்தான் "என் கண்களைத் தெளிவாக்கும்" என்று விண்ணப்பம் வருகிறது. நம்பிக்கை வருவதோ ஐந்தாவதில். நாம் நேரே ஐந்தாவதுக்குத் தாவிவிடுகிறோம். அதனால்தான் ஸ்தோத்திரம் உதட்டோடு நின்றுவிடுகிறது.

"பாரங்களை நீக்கும்" என்று பொதுவாக முடிக்காதீர்கள். "பத்தாம் தேதி தவணை கட்டப் பணமில்லை, பயமாயிருக்கிறது" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஆண்டவருக்கு அலங்காரத் தமிழ் தேவையில்லை. வார்த்தை வராவிட்டால் அந்தச் சங்கீதத்தையே சத்தமாக வாசியுங்கள், ஆறே வசனம்தான்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலர் கண்டிக்கப்பட்டது வேறு விஷயம்: அவர்கள் கூடாரங்களுக்குள் தேவனைப் பற்றி முறுமுறுத்தார்கள். நீங்கள் அவரிடமே கேட்கிறீர்கள்.

அழுது முடித்தும் மனம் லேசாகவில்லையா? 88-ஆம் சங்கீதம் 18 வசனமும் புலம்பல்தான். சிநேகிதரும் விலகிப்போனார்கள் என்றே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. ஆமென் சொல்லிவிட்டு எழுந்திருங்கள், நாளைக்கும் கேளுங்கள்.