சீன ஊர்ப்பெயர்களில் வரும் 'யாங்', 'யின்' ஆகியவற்றின் பொருள் என்ன?

சீன ஊர்ப்பெயர்கள் பலவற்றின் ஈற்றில் வரும் 'யாங்' வெயில் படும் பக்கத்தையும், 'யின்' நிழல் விழும் பக்கத்தையும் குறிக்கின்றன. அருகிலுள்ள மலையையோ ஆற்றையோ கொண்டு ஊரின் இருப்பிடத்தைச் சொல்லும் பெயர்கள் இவை. குளத்துக்கு மேற்கே இருப்பதை வைத்து ஒரு வீட்டுக்கு ஊரார் அடையாளம் சொல்வதைப் போன்றது இது.

இதற்குக் காரணம் சூரியனின் போக்கு. சீனாவின் பெரும்பகுதியில் நண்பகல் சூரியன் தென்வானில் நிற்பதால், மலையில் தென்சரிவும், ஆற்றுப் பள்ளத்தாக்கில் தெற்கு நோக்கிச் சாய்ந்த வடகரையும் வெயிலைப் பெறுகின்றன. ஆகவேதான் ஹெங் மலைக்குத் தெற்கே உள்ள நகரம் ஹெங்யாங் என்றும், லுவோ ஆற்றின் வடகரையில் எழுந்த பழைய தலைநகரம் லுவோயாங் என்றும் பெயர் பெற்றன. யாங்சே ஆற்றின் தென்கரையில் உள்ள ஜியாங்யின் 'ஆற்றின் நிழற்பக்கம்' எனப் பொருள்படும். இவற்றுள் மிக அழகானது, சின் பேரரசின் தலைநகராக விளங்கிய சியான்யாங் என்பேன்: மலைக்குத் தெற்கிலும் வெய் ஆற்றுக்கு வடக்கிலும் அமைந்திருந்ததால் 'இரு வகையிலும் யாங்' என்ற பெயர் அதற்கு அமைந்தது என்பது மரபான விளக்கம்.

'யாங்' என்று வரும் இடமெல்லாம் வெயிற்பக்கமே என்று பலர் கொள்கின்றனர். ஆனால் 1958இல் ஏற்கப்பட்ட பின்யின் என்னும் உரோம எழுத்துமுறை ஒலியை மட்டுமே காட்டுவதால், யாங்ஜோ நகரின் 'யாங்' சீன எழுத்தில் முற்றிலும் வேறு சொல் என்பது அதில் தெரிவதில்லை.