மாமியாரின் முழங்கால், மகனின் மதியத் தூக்கம்: லண்டனில் சொந்தங்களைச் சுற்றிக் காட்டுவது எப்படி?

கேள்வி: நாங்கள் லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கிறோம். ஜூலை கடைசியில் திருச்சியிலிருந்து மாமனார், மாமியார், நாத்தனார், அவர் கணவர், அவர்களுடைய 12 வயது மகன் எல்லோரும் பத்து நாள் தங்க வருகிறார்கள். எனக்கு நாலு வயதில் மகள், ஒன்றரை வயதில் மகன். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. நாத்தனார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலில் 22 இடங்கள் இருக்கின்றன. எப்படிச் சமாளிப்பது?

பதில்: இருபத்திரண்டா! பத்து நாளில் முதல் நாளும் கடைசி நாளும் பெட்டியோடு போய்விடும். கோயிலுக்கு ஒரு நாள், கடைத்தெருவுக்கு ஒரு நாள் (பட்டியலில் இருக்காது, ஆனால் கட்டாயம் வரும்), மழைக்கோ அலுப்புக்கோ ஒரு நாள். மிச்சம் ஐந்து. ஒரு நாளுக்கு ஒரு பெரிய இடம், அதை ஒட்டிக் குழந்தைகள் ஓடி விளையாட ஒரு திறந்தவெளி, அதற்கு மேல் வேண்டாம். இருபது வருஷமாக இந்த ஊரில் நம்மவர்களைக் கூட்டிக்கொண்டு அலைவதுதான் என் பிழைப்பு என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

அந்த ஒவ்வொரு நாளையும் தீர்மானிக்கப் போவது இரண்டே பேர், உங்கள் சின்னவனும் உங்கள் மாமியாரும். சின்னவனால் பிரச்சினை இல்லை, முடியாவிட்டால் தரையில் விழுந்து ஊருக்கே அறிவித்துவிடுவான். மாமியார் அறிவிக்க மாட்டார். "எனக்கென்னம்மா, நீங்க எங்க கூட்டிட்டுப் போனாலும் வரேன்" என்பார், ராத்திரி தைல வாசனை வரும்போதுதான் உங்களுக்குத் தெரியும். அதனால் "வலிக்குதா அத்தை?" என்று கேட்காதீர்கள், "இல்லையே" என்பதுதான் பதில். "பாப்பாவுக்குக் கால் வலிக்குதாம், கொஞ்ச நேரம் உட்காரலாம்" என்று சொல்லிப் பாருங்கள், முதலில் உட்காருவது அவராகத்தான் இருக்கும்.

ஜூலையில் இந்தியா நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னால். முதல் மூன்று நாலு நாள் விடிகாலை மூன்று, நாலு மணிக்கே எழுந்து காபிக்குப் பாத்திரம் உருட்டுவார்கள், சாயங்காலம் ஏழுக்குத் தலை சாயும். இரவு விளக்கொளியில் நகரம் காட்டும் திட்டமெல்லாம் அப்போது வேண்டாம், அந்த மாதத்தில் இருட்டவே ஒன்பது மணி தாண்டிவிடும். அதற்காகக் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடவும் கூடாது, குழந்தை வண்டியோடு ஆபீஸ் கூட்டத்துக்குள் நுழைவது நரகம். வீட்டிலேயே டிபன் முடித்து ஒன்பதரைக்கு மேல் ரயில் ஏறுங்கள், கட்டணமும் குறையும். நாலு மணிக்குள் திரும்பும் ரயிலில் இருங்கள். சின்னவன் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை தூங்குவான் என்றால் அதுதான் பெரியவர்களுக்கு மியூசியம் நேரம். எழுந்ததும் பூங்கா. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, குழந்தை மியூசியத்தில் கத்துகிறான் என்று வருத்தப்படுகிறார்கள்.

போக்குவரத்துக்கு வருவோம். டியூப் என்ற பாதாள ரயிலில் 272 நிலையங்கள், அதில் படியேறாமல் போகக்கூடியவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். உங்களுக்கு அதிர்ஷ்டம், ஹாரோ ஆன் த ஹில்லில் லிஃப்ட் இருக்கிறது. அங்கிருந்து மெட்ரோபாலிட்டன் லைனில் கிங்ஸ் கிராஸ் போனால் அங்கேயும் லிஃப்ட், ரயிலில் ஏசியும் உண்டு. அவசரப்பட்டு பேக்கர் ஸ்ட்ரீட்டில் இறங்கினால் படிதான். வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் போக வேண்டுமென்றால் வெம்ப்ளி பார்க்கில் எதிர்ப் பக்கம் நிற்கும் ஜூபிலி லைனுக்கு மாறிக்கொள்ளுங்கள். கிரீன் பார்க், வெஸ்ட்மின்ஸ்டர், லண்டன் பிரிட்ஜ் எல்லாவற்றிலும் லிஃப்ட் உண்டு, ஆனால் கோடையில் உள்ளே புழுங்கும், தண்ணீர் கையில் இருக்கட்டும்.

நகரத்துக்குள் பஸ்தான். ஒரு தடவை கார்டைத் (ஆய்ஸ்டர் என்ற பயண அட்டை, இல்லையென்றால் தட்டிச் செலுத்தும் வங்கி அட்டை) தட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறலாம். டிரஃபால்கர் சதுக்கத்தில் 15ஆம் நம்பர் ஏறினால் செயின்ட் பால்ஸ் வழியாக லண்டன் டவர் வரை போகும், பட்டியலில் பாதி ஜன்னலிலேயே முடிந்தது. மாமியார், நீங்கள், குழந்தை வண்டி எல்லாம் கீழே, தாத்தாவும் பேரனும் மாடியில் முன் சீட்டில். சக்கர நாற்காலிக்காரர் ஏறினால் அந்த இடம் அவருக்குத்தான், வண்டியை மடிக்க வேண்டியிருக்கும், சுலபமாக மடிகிறதைக் கொண்டுபோங்கள். கார்டு விஷயத்தில் பலர் ஏமாறுவது ஓர் இடத்தில்: ஒரே கார்டை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். உங்கள் குழந்தைகளுக்கு இலவசம். அந்த 12 வயதுப் பையனுக்கு ஆய்ஸ்டர் கார்டு வாங்கி, டியூப் நிலைய ஊழியரிடம் யங் விசிட்டர் சலுகையைப் போட்டுத் தரச் சொல்லுங்கள், 14 நாளுக்குப் பாதிக் கட்டணம்தான்.

சரி, எங்கே போவது? எனக்குப் பிடித்த நாளைச் சொல்கிறேன். ஜூபிலியில் வெஸ்ட்மின்ஸ்டர், வெளியே வந்ததும் பிக் பென், போட்டோ. அங்கேயே படகுத்துறை, கார்டைத் தட்டி ஏறும் பயணப் படகில் கிரீன்விச் வரை. உட்கார்ந்துகொண்டே லண்டன் ஐ ராட்சத ராட்டினம், டவர், டவர் பாலத்தின் அடிவயிறு எல்லாம் பார்க்கலாம், கழிவறையும் உள்ளேயே. லண்டன் ஐக்குக் கொடுக்கிற பணத்துக்கு இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. கிரீன்விச்சில் கட்டி சார்க் கப்பல் இறங்கியதும் எதிரே நிற்கும். பூங்காவின் கீழ்ப் பகுதி சமதளம், புல்லில் விரித்துப் புளியோதரையும் தயிர் சாதமும் சாப்பிடலாம். உலகைக் கிழக்கு, மேற்கு என்று பிரிக்கும் பூஜ்ஜியத் தீர்க்கரேகையைப் பார்க்க மேட்டில் ஏற வேண்டும், ஏறுகிறவர்கள் போய் ஒரு காலைக் கிழக்கிலும் ஒரு காலை மேற்கிலும் வைத்துவிட்டு வரட்டும், மாமியாருக்கு அது அவசியமில்லை. திரும்பும்போது கட்டி சார்க் நிலையத்தில் டிஎல்ஆர் என்ற இலகு ரயில். அந்த ரயிலுக்கு ஓட்டுநர் அறை கிடையாது, முன் சீட்டு கிடைத்தால் உங்கள் மகள்தான் ஓட்டுநர். கேனரி வார்ஃபில் ஜூபிலிக்கு மாறி வீடு. போக வர ஒரு படிகூட இல்லை.

இன்னொரு நாள் பிரிட்டிஷ் மியூசியம், நுழைவு இலவசம். முழுவதும் பார்க்கக் கிளம்பாதீர்கள். எகிப்தின் பழைய எழுத்தைப் படிக்க உதவிய ரொசெட்டா கல், அப்புறம் 33ஆம் அறை. நம் சோழர் காலத்து நடராசரும் பக்கத்திலேயே அமராவதிச் சிற்பங்களும் இருக்கின்றன, மாமனார் அங்கே பேச ஆரம்பித்தால் நாற்காலி தேடுங்கள். சின்னவன் எழுந்ததும் கால் மணி நடையில் கோரம்ஸ் ஃபீல்ட்ஸ். பெரிய விளையாட்டு மைதானம், குழந்தை கூட இல்லாமல் பெரியவர்களை உள்ளேயே விட மாட்டார்கள். உங்கள் நாலு வயதுக்காரிதான் அன்றைக்கு மொத்தக் குடும்பத்துக்கும் டிக்கெட்.

அரண்மனைக் காவலர் மாற்றத்தை விட்டுவிடலாம். ஒரு மணி நேரம் நின்றாலும் குழந்தைக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகுதான். பதிலுக்கு ஹார்ஸ் கார்ட்ஸ் மைதானத்தில் காலை 11 மணிக்கு (ஞாயிறு 10 மணி) குதிரைப்படை மாறும், குதிரை எல்லோருக்கும் தெரியும். நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துக்குப் பள்ளி விடுமுறையில் கூட்டம் நெரியும், இலவச டிக்கெட்டை இப்போதே நேரம் குறித்து எடுத்துவிடுங்கள்.

எல்லோரும் எல்லா இடத்துக்கும் போக வேண்டும் என்று யார் சொன்னது? வாட்ஃபோர்டு பக்கத்தில் இருக்கும் மந்திரவாதிப் பையன் ஹாரி பாட்டரின் சினிமா ஸ்டூடியோ அந்த 12 வயதுப் பையனுக்காக. அவன் அப்பாவும் உங்கள் கணவரும் கூட்டிப் போகட்டும், டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்காவிட்டால் வாசலில் கிடைக்காது. கோஹினூர் பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்று மாமனார் சொன்னால் நாத்தனாரோடு டவருக்கு அனுப்புங்கள், அங்கே தரை கரடுமுரடான கல், குழந்தை வண்டியும் முழங்காலும் வெளியே இருப்பது நல்லது. அன்றைக்கு நீங்கள், மாமியார், குழந்தைகள் நீஸ்டன் சுவாமிநாராயண் கோயிலுக்கோ ஹைகேட் முருகன் கோயிலுக்கோ போய்வாருங்கள். "என்னை விட்டுட்டுப் போறாங்க" என்ற பேச்சு வராமலிருக்க இந்தப் பிரிவினையை உங்கள் கணவர் வாயால் சொல்ல வையுங்கள், மருமகள் வாயால் வேண்டாம்.

நடுவழியில் யாருக்காவது முடியவில்லை என்றால் யோசிக்காமல் கறுப்பு டாக்சி. சாய்வுப் பலகை இருக்கும், வண்டியை மடிக்காமலே உள்ளே தள்ளலாம், தனிக் குழந்தை இருக்கை இல்லாவிட்டாலும் பின்பக்கம் ஏற்றச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஹாரோ வரை போனால் கட்டணம் எகிறும், லிஃப்ட் உள்ள நிலையம் வரை போதும்.

கடைசியாக ஒன்று, முதல் நாளே வீட்டில் உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். கதவு மூடிக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தால், ஏறியவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி அதே பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும், விடுபட்டவர்கள் அடுத்த ரயிலில் வருவார்கள். இதைச் சொல்லாமல் விட்டு, ஒரு தாத்தா கிரீன் பார்க்கில் தனியாக ஏறி, கடைசி நிலையமான ஸ்டேன்மோர் வரை போய்விட்டார். நாங்கள் வியர்த்துக் கொட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், "ஏன் இவ்வளவு லேட்டு?" என்றார். அன்றிலிருந்து பெரியவர்கள் சட்டைப் பையிலும் கைப்பையிலும் என் நம்பரை எழுதிய சீட்டு இல்லாமல் நான் வாசல் தாண்டுவதில்லை. உள்ளூர் சிம் போடாத போன் வெறும் கேமராதான்.