எதிர்காற்றில் ஒரு கேலக்ஸி

கேள்வி: கேலக்ஸிக் கொத்துக்குள் விழும் சுருள் கேலக்ஸி தன் வாயுவைப் பறிகொடுக்கிறது என்று படித்தேன். வாயு போனால் ரேடியோ அலையும் குறையத்தானே வேண்டும்? கூடுகிறது என்கிறார்களே, எப்படி?
– கல்லூரி மாணவி, தேனி

பதில்: இரண்டுமே உண்மை. சுருள் கேலக்ஸியிலிருந்து வரும் ரேடியோ அலை ஒரே வகை இல்லை. குளிர்ந்த ஹைட்ரஜன் 21 செ.மீ. அலைநீளத்தில் தருவது ஒன்று. வாயு போனால் அது கட்டாயம் குறையும். பெரிய நட்சத்திரங்கள் சாகும்போது நிகழும் சூப்பர்நோவா வெடிப்புகள் விரட்டிவிட்ட எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும்போது பிறப்பது இன்னொன்று. அதற்கு சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு என்று பெயர். கூடுவது இதுதான்.

கொத்தில் கேலக்ஸிகளுக்கு நடுவே கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் வாயு நிறைந்திருக்கிறது. லிட்டருக்கு ஒரு துகள் என்ற அளவில்தான். ஆனால் கேலக்ஸி அதற்குள் நொடிக்கு 1,000 கி.மீ.க்கு மேல் பாய்கிறது. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், அத்தனை மெல்லிய வாயுவும் புயலாகிவிடுகிறது. ஜேம்ஸ் கன், ரிச்சர்ட் காட் என்ற வானியலாளர்கள் 1972இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

ஆடிக்காற்றை எதிர்த்து சைக்கிள் மிதிப்பவரைப் பாருங்கள். சட்டை முன்னால் நெஞ்சோடு ஒட்டும், முதுகுப் பக்கம் புடைத்துப் படபடக்கும். சுமார் ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தள்ளியிருக்கும் கன்னிக் கொத்தில், என்ஜிசி 4522 என்ற சுருள் கேலக்ஸி அப்படித்தான் நிற்கிறது. நட்சத்திரத் தட்டு கலையவே இல்லை. ஹைட்ரஜனோ, மையத்திலிருந்து சுமார் 10,000 ஒளியாண்டு வரைதான் தட்டில் மிச்சம். மொத்தத்தில் 40 சதவீதம் தட்டை விட்டு ஒரே பக்கமாகக் கிளம்பிவிட்டது. அதன் ரேடியோ வரைபடத்தை முதன்முதலில் பார்த்த அன்று, காற்று மோதும் பக்கத்தில், ரேடியோ அலை ஒரே வலுவில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள் நெருக்கியடித்து நிற்பதை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காந்தப்புலம் அங்கே நசுங்கியிருக்கிறது. புலம் வலுத்தால் அதே எலக்ட்ரான்கள் கூடுதலாக ஒளிரும். அந்த ஓரத்து அலைகள் நன்றாக முனைவாக்கம் பெற்றிருப்பதும், அதாவது பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்வதும், இந்த நசுக்கலுக்குச் சாட்சி.

சிம்ம ராசிப் பக்கம் இருக்கும் ஏபெல் 1367 கொத்தில், 1980களிலேயே காவாட்ஸி, ஜாஃபே என்ற வானியலாளர்கள், பின்னால் ரேடியோ அலை வீசும் வால் முளைத்த கேலக்ஸிகளைக் கண்டார்கள். வாலில் உள்ள எலக்ட்ரான்கள் வயதானவை, ஆற்றல் இழந்தவை. அதனால் அதிர்வெண் இறங்க இறங்க வால் நன்றாகத் தெரியும். நெதர்லாந்தை மையமாகக் கொண்ட லோஃபார் ரேடியோ தொலைநோக்கி 144 மெகாஹெர்ட்ஸில் இப்படிப்பட்ட வால்களை ஏராளமாகப் பிடித்திருக்கிறது. புனேக்கு வடக்கே நம் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியும் தாழ்ந்த அதிர்வெண்களுக்காகக் கட்டியதுதான். 45 மீட்டர் கிண்ணங்கள் 30. வாய்ப்புக் கிடைத்தால் போய் ஒன்றின் அடியில் நின்று பாருங்கள். கிண்ணம் தகடு அல்ல, கம்பிவலை. அதன் ஊடாக வானம் தெரியும்.

எல்லாம் காந்தப்புலத்தால் மட்டுமே என்று சொல்ல மாட்டேன். நசுங்கிய வாயுவில் புதிய நட்சத்திரங்கள் கொஞ்ச காலம் வேகமாகப் பிறக்கலாம், அதுவும் சேரும். அப்புறம் வாயு தீரும். பெரிய நட்சத்திரங்கள் பிறக்காது, சூப்பர்நோவாவும் இருக்காது. நீங்கள் எதிர்பார்த்த குறைவு அப்போது வரும்.