தோட்டக்காரருக்கு ஒரு ஐயா

அன்புள்ள ஐயா,

ரிச்மண்ட் டவுனில் ஒரு பழைய பங்களாத் தோட்டத்தில் நடந்த கலைக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். கட்டுக்கம்பியில் பின்னிய முள்முடி மாமரத்தில் தொங்கியது. உடைந்த கண்ணாடியில் செய்த சிலுவை புல்லில் கிடந்தது. இயற்கைக்கும் நவீன வாழ்வுக்குமான மோதல் என்று குறிப்பில் போட்டிருந்தார்கள். நான் கிறிஸ்தவன் இல்லை. பைபிள் படிக்காதவனுக்கு இது புரியுமா? ஒரு மதத்தின் சின்னத்தை இப்படிக் கையாளலாமா? படங்கள் அனுப்பியிருக்கிறேன். ஒன்றில் மட்டும் ஹோஸ் பைப்போடு ஒரு ஆள் குறுக்கே வந்துவிட்டார், மன்னிக்கவும்.

எஸ்., பெங்களூரு

அன்புள்ள எஸ்.,

எங்கள் வேலியில் பேஷன் ஃப்ளவர் பூத்திருக்கிறது. தென் அமெரிக்காவுக்குப் போன ஸ்பானியப் பாதிரிமார் அந்தப் பூவுக்குள் இயேசுவைச் சிலுவையில் அறைந்த மூன்று ஆணிகளையும் அவருடைய ஐந்து காயங்களையும் முள்முடியையும் பார்த்தார்கள். நம் ஆட்கள் அதையே கிருஷ்ண கமலம் என்றார்கள். சுற்றியுள்ள இழைகள் கௌரவர்கள், நடுவில் ஐந்து பேர் பாண்டவர்கள். பூ இரண்டு தரப்பையும் கண்டுகொள்ளவில்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இவ்வளவு போதும்.

முதல் கேள்விக்கு ஆதியாகமத்தில் ஒரு வரி தெரிந்தால் சரி. ஆதாம் செய்த தவறால் சபிக்கப்பட்ட நிலம் 'முள்ளும் குருக்கும்' முளைப்பிக்கும் என்கிறது. அந்த முள்தான் பிறகு இயேசுவின் தலையில் ஏறுகிறது. இப்போது நிலத்தில் முளைப்பது கட்டுக்கம்பி என்கிறார் உங்கள் கலைஞர். கட்டடமாய் நிற்கும் பெல்லந்தூர்ப் பக்கம் ஒருமுறை போய்வந்தவருக்கு இதற்கு உரை வேண்டாம். கண்ணாடிச் சிலுவை வெயிலில் மினுக்குவதோடு சரி.

ஆனால் அந்த 'ஒரு ஆள்'. அவருக்காக என்னிடம் எதற்கு மன்னிப்பு?

யோவான் எழுதியதில் இயேசுவின் கல்லறை இருப்பதும் ஒரு தோட்டத்தில்தான். உயிர்த்தெழுந்து நிற்பவரை மகதலேனா மரியாளுக்கு அடையாளம் தெரியவில்லை. தோட்டக்காரர் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறாள். ஃப்ளாரன்ஸில் சான் மார்கோ மடத்துச் சுவரில் ஓவியர் ஃப்ரா ஆஞ்சலிகோ இயேசுவின் தோளில் ஒரு மண்வெட்டியைச் சாத்திவிட்டார். ரெம்ப்ராண்ட் 1638இல் அகலத் தொப்பியும் போட்டுவிட்டார். பிரசங்கத்தில் இதை மரியாளின் தவறு என்றுதான் சொல்வார்கள். எனக்கு வேறொன்று உறுத்துகிறது. தோட்டக்காரர் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் 'ஐயா' என்கிறாள். கர்த்தர் என்று தெரிந்து அல்ல. இரண்டு கேள்விக்காக என்னை ஐயா என்று எழுதுகிற நீங்கள், அந்தத் தோட்டத்துக்கே தண்ணீர் விடுகிறவரை 'ஒரு ஆள்' என்கிறீர்கள்.

கோபம் கொஞ்சம் அதிகம்தான். என் அப்பா அதே ரிச்மண்ட் டவுனில், வேறொரு பங்களாவில், 31 வருஷம் தோட்டவேலை பார்த்தவர். 1908 முதல் 1932 வரை லால்பாக் பூங்காவைக் கவனித்த ஜெர்மானியர் க்ரும்பீகலுக்கு இந்த ஊரில் ஒரு சாலை இருக்கிறது, இருக்கட்டும், தகுதியானவர். அவர் காட்டிய இடத்தில் குழி தோண்டியவர்களுக்கு ஒரு சந்துகூட இல்லை.

அப்பா ரோஜாவைக் கவாத்து செய்து வெட்டுவாயில் சாணி அப்பிவிட்டு வருவார். ராத்திரி அம்மா ஊக்கைத் தீயில் காட்டி, அவர் கட்டைவிரலைக் கீறி முள் எடுப்பாள். ரத்தம் வராது, தோல் அவ்வளவு தடிப்பு. ஒருநாள் அந்தத் தோட்டத்தில் ஓவியக் கண்காட்சி. அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பார்க்கப் போனார். வாசலில் நின்ற ஒரு அம்மாள், "தோட்டக்காரர்தானே, பின்பக்கம் போங்க" என்றாராம். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னார்: "வேட்டி கட்டியும் கண்டுபுடிச்சிட்டாங்கடா."

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பைப் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்கிறார், தண்ணீர் விசிறியாய்ப் போகிறது. முள்முடி தொங்கும் அந்த மாமரத்தின் தூருக்குத்தான் விடுகிறார். நீங்கள் அனுப்பியதில் அதுதான் நல்ல படம். மறுபடி போனால் அவர் பெயரைக் கேட்டு எனக்கு எழுதுங்கள்.