95 சதவீதம் பாஸ், ரிலீஸ் பண்ணலாமா?

கேள்வி: சிறிய சாஃப்ட்வேர் டெஸ்டிங் குழு ஒன்றுக்கு லீடாக இருக்கிறேன். எத்தனை டெஸ்ட் கேஸ், எத்தனை பாஸ், எத்தனை ஃபெயில் என்று வாராவாரம் ரிப்போர்ட் அனுப்புகிறேன். ஆனாலும் மீட்டிங்கில் "சரி, ரிலீஸ் பண்ணலாமா?" என்றே கேட்கிறார்கள். ரிப்போர்ட்டில் என்ன குறை?

பதில்: அந்தக் கேள்விக்கான பதில் அதில் இல்லை, அதுதான் குறை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 400 டெஸ்ட் கேஸ். 340 ஓட்டியாயிற்று, 323 பாஸ். ஓட்டியதை வைத்துப் பார்த்தால் 95 சதவீதம். மொத்தத்தை வைத்துப் பார்த்தால் 81கூட வராது. ஓட்டாத 60 எந்தப் பகுதியில் இருக்கின்றன? அத்தனையும் ரீஃபண்டில், டெஸ்ட் சர்வர் கிடைக்காமல் பிளாக் ஆகி நின்றால், அந்த 95 படிப்பவரைத் தவறான முடிவுக்குத்தான் கொண்டுபோகும்.

அதனால் எண்களைக் கீழே தள்ளிவிட்டு, முதல் பத்தியை இப்படித் தொடங்குங்கள்: "லாகின், ஆர்டர் இரண்டும் தயார். ரீஃபண்டை இன்னும் தொடவே முடியவில்லை. திங்கட்கிழமையிலிருந்து டெஸ்ட் சர்வர் இல்லை. புதனுக்குள் கிடைத்தால் வெள்ளிக்குள் முடித்துவிடுவோம். இல்லையென்றால் ரீஃபண்டை நிறுத்திவைத்து ரிலீஸ் செய்வதா, தேதியைத் தள்ளுவதா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும்." மேனேஜர் இதை மட்டும் படித்தாலும் போதும்.

பக் (பிழை) எண்ணிக்கையிலும் இதே கவனம் வேண்டும். திறந்திருப்பவை 30 என்பதைவிட, அவற்றில் சிவியாரிட்டி (பாதிப்பின் தீவிரம்) அதிகமானவை எத்தனை, எத்தனை நாளாகக் கிடக்கின்றன என்பது பெரிய விஷயம். நான் முதலில் பார்ப்பது ரீஓப்பன் ஆனவற்றை, அதாவது சரியாகிவிட்டது என்று மூடிய பிறகு மறுபடி திறந்தவற்றை. சரிசெய்த பக் ஒரே மாடியூலில் திரும்பத் திரும்ப வந்தால், அங்கே ரீகிரஷன் டெஸ்டிங்கை (மாற்றம் செய்தபின் பழையவை கெடவில்லையா என்று மறுபடி சோதிப்பதை) கூட்டுங்கள். யார் எத்தனை பக் பிடித்தார் என்ற பட்டியல் மட்டும் வேண்டவே வேண்டாம். எண்ணிக்கையைக் கூட்ட, ஒரே பக் ஐந்து டிக்கெட்டாக (பதிவாக) பிரியத் தொடங்கிவிடும்.

எப்போது டெஸ்டிங்கை நிறுத்தலாம் என்ற எக்ஸிட் கிரைட்டீரியாவை வேலை தொடங்கும் முன்பே பேசி எழுதிவைத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் பேசினால் தேதிதான் ஜெயிக்கும்.

இன்னொன்று. ரிலீஸ் முடிவை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். டெஸ்டிங் பிழை இருப்பதைக் காட்டுமே தவிர, இல்லை என்று நிரூபிக்காது என்று கணினி விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா 1969-லேயே சொல்லிவிட்டார். "பக் இல்லை" என்று கையெழுத்துப் போடாமல், தெரிந்த ரிஸ்க் இவை என்று எழுதுங்கள்.

சாஃப்ட்வேர் டெஸ்டிங்குக்கான ஐஎஸ்ஓ 29119 என்ற சர்வதேசத் தரநிலை, நிலவர ரிப்போர்ட்டையும் நிறைவு ரிப்போர்ட்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. நீங்கள் வாராவாரம் அனுப்புவது முதலாவது. ரிலீஸ் சமயத்தில் இரண்டாவதையும் எழுதுங்கள். எதையெல்லாம் டெஸ்ட் செய்யவில்லை, ஏன் என்ற பட்டியல் அதில் கட்டாயம் இருக்கட்டும்.