ஆய்வகத் தட்டில் பலித்த லேசர், அம்மா காலில் பலிக்குமா?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மாவுக்கு இனிப்பு நீர். பாதத்துப் புண் ஒரு மாதமாக ஆறவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் கடையொன்றில் சிவப்பு லேசர் கருவி விற்கிறார்கள். சதை வளர்க்கும் செல்கள் இதில் பெருகுவதாக ஆய்வு இருக்கிறதாம். காலை, மாலை அரை மணி நேரம் காட்டச் சொல்கிறார்கள். வாங்கலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். கடைக்காரர் சொன்ன ஆய்வுகள் இருப்பது உண்மைதான். புண்ணை மூடும் கொலாஜன் என்ற புரதத்தைச் சுரப்பவை ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள். அவற்றை ஒரே அடுக்காகத் தட்டில் வளர்த்து, நடுவே ஒரு கீறல் போட்டு, லேசர் காட்டிப் பார்ப்பார்கள். அளவு சரியாக இருந்தால் கீறலின் இரு கரையிலிருந்தும் செல்கள் சீக்கிரம் நகர்ந்து வந்து இடைவெளியை அடைத்துவிடும். சிவப்பு ஒளியை மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி உறிஞ்சுவதால் செல்லின் ஆற்றல் உற்பத்தி கூடுகிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

சிக்கல் அளவில்தான். சதுர செ.மீ.க்கு 5 ஜூல் ஒளி ஆற்றலில் ஊக்கம் பெற்ற அதே செல்கள், 16 ஜூலில் சேதமடைந்து மந்தமானதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் கருவி சதுர செ.மீ.க்கு 50 மில்லிவாட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 விநாடியிலேயே 5 ஜூல் வந்துவிடும். அரை மணி நேரத்துக்கு? 90 ஜூல்! இந்தக் கணக்கைக் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், முழிப்பார். அதற்காக 5 ஜூல் என்பதை அப்படியே அம்மா காலுக்கு வைத்துக்கொள்ளவும் முடியாது. தட்டில் தோல் இல்லை, ரத்தம் இல்லை, கிருமி இல்லை. நம்மைப் போன்ற கருமையான தோலில் மெலனின் என்ற நிறமியே ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடும்.

லேசர் சிகிச்சையே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க மருத்துவ வழிகாட்டுதல்களே இதைப் பரிந்துரைக்கின்றன. அங்கே அலைநீளம், நேரம் எல்லாம் வரையறுத்திருக்கிறது.

சரி, அம்மாவுக்கு என்ன செய்வது? இனிப்பு நீர்க்காரரின் பாதப்புண் ஆறாததற்குப் பெரும்பாலும் காரணம் ரத்த ஓட்டக் குறைவு, உணர்வு மரத்த பாதத்தில் விழும் அழுத்தம், தொற்று, கட்டுக்குள் வராத சர்க்கரை. இவற்றில் எதையும் விளக்கொளி சரிசெய்யாது. இந்த வாரமே அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் புண்ணைக் காட்டுங்கள். பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். லேசர் வேண்டுமா என்பதை அப்புறம் மருத்துவரே சொல்லட்டும். வாங்குவதானால், மலேசியாவின் 2012ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டத்தின்கீழ் கருவி பதிவானதா என்று பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள்.

புண்ணைச் சுற்றிச் சிவந்தாலோ, கறுத்தாலோ, வாடை அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ கிளினிக் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.